விடிந்தால் தெளியும் எண்ணெய்

கேனில் எண்ணெய் நான்கு விரற்கடை குறைந்திருந்தது.

வேன்காரர் கேனைத் தூக்கிப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். கீழே வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் குறைச்சல்தான். நேற்று மாலை கழுத்துவரை ஊற்றி, மூடியைத் தன் கையாலேயே திருகிவிட்டுப் போனவர் அவர்.

"இங்க வா!" என்று பின்கட்டுக் கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"என் எண்ணெயை யாரு எடுத்தது?"

"எண்ணெயா? சமையல்கட்டுல இருக்கே."

"அது இல்ல, இது!"

"இதைப் போய் யாருங்க எடுப்பாங்க? இந்த நாத்தத்துக்கு ஈ கூடப் பக்கத்துல வராது."

அந்த நாற்றம்தான் வேன்காரரின் கண்டுபிடிப்பு. மெக்கானிக் பட்டறையில் லாரி என்ஜின்களிலிருந்து வடித்துக் கொட்டும் கழிவு ஆயிலைக் கொண்டுவருவார். பெரிய அடுப்பில் காய்ச்சி அதிலிருக்கும் தண்ணீரைப் போக்குவார். பிறகு மைத்துனனின் ஜீன்ஸிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைக் காலுக்குள் ஊற்றி வடிகட்டுவார். கேனில் இறங்கும்போது அது கருங்காப்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் ராத்திரி யாரும் தொடாமல் ஆறவிட்டால் விடியும்போது தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். அதை அப்படியே டாங்கில் ஊற்றினால் டீசலாவது ஒன்றாவது, பழைய வேன் ஒரு பொட்டுப் புகை விடாமல் ஓடியது.

மெக்கானிக் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, வடிகட்டினா மண்ணுதான் போகும், கரி போகாது. பம்ப் அடைச்சுக்கிட்டு வண்டி நடுரோட்டுல நிக்கும்." மாதங்கள் கழித்து அவரே பம்பைப் பிரித்துப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. "எப்படிண்ணே?" என்றார்.

"ஆறவிடணும்பா. பொறுமைதான் ரகசியம்," என்றார் வேன்காரர். மெக்கானிக்குக்குத் தன்மேல் பொறாமை என்றும் அன்றே முடிவு கட்டினார்.

அவருக்குச் சந்தேகம் புதிதல்ல. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பார். டீசலில் மிச்சமான காசை அப்படியே மனைவியிடம் கொடுத்தும் மாதக் கடைசியில் வீடு கையைக் கடிக்கிறதே, அந்தக் காசு எங்கே போகிறது என்று வேறு ஒரு சந்தேகம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் அந்த எண்ணெய் அவருக்கு வெறும் எண்ணெய் இல்லை. வண்டி பழசு என்று முந்தைய கம்பெனி கழற்றிவிட்டபிறகு நெடுநாள் வாசல் பக்கமே தலைகாட்டாமல் கிடந்தவர் அவர். முதல் கேன் தெளிந்த அன்றுதான் மறுபடி விசிலடித்தார். அந்த விசிலைக் கேட்டு மனைவி சமையல்கட்டில் நின்று அழுதாள் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது வேறொரு கம்பெனியின் ஆட்களை ஏற்றிப்போகும் வேலை வெள்ளோட்டமாகக் கிடைத்திருந்தது. அந்த வாரக் கடைசியில் மேனேஜரே வேனில் ஏறி வந்து பார்ப்பார். வண்டி வழியில் மக்கர் செய்யாமல் போனால் வேலை நிரந்தரம். செய்தால் வேறு வேன்காரருக்குப் போய்விடும். இந்த நேரத்தில்தான் எண்ணெய் திருட்டு.

"டீசல் என்ஜின் வெச்சிருக்கிறவன்தான் எடுத்திருப்பான்," என்றார், பக்கத்து வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டி. அங்கே ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர் குடியிருந்தார்.

"அவரு அடுப்பைத்தான் நீங்க இரவல் வாங்கி வெச்சிருக்கீங்க. மெதுவாப் பேசுங்க."

"அப்ப உன் தம்பி!"

மைத்துனன் அப்போதுதான் உள்ளே வந்தான். உடம்பைக் குறைக்கிறேன் என்று தினமும் விடியற்காலையில் நடக்கப் போகிறவன். வியர்த்து விறுவிறுத்துத்தான் திரும்புவான். தொப்பை மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"நான் அதை எடுத்து என்ன மாமா பண்ணப் போறேன்? என்கிட்ட சைக்கிள் கூடக் கிடையாது."

"ஜீன்ஸை வெட்டினதுக்குப் பழி வாங்குறியா?"

"ஒரு கால்தானே மாமா வெட்டினீங்க. மிச்சத்தைப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அன்று மாலை வேன்காரர் புதுக் கேனில் எண்ணெயின் மட்டத்துக்கு நேராக வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, "கோடு போட்டாச்சு!" என்றும் சொன்னார்.

காலையில் எண்ணெய் கோட்டுக்கு மேலே இருந்தது.

வேன்காரர் குனிந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். குறைந்தால் திருட்டு, கூடினால் என்ன? போலீஸில் போய், "சார், என் வீட்டுல யாரோ திருட்டுத்தனமா வந்து வெச்சுட்டுப் போறாங்க" என்று சொல்ல முடியுமா?

"தண்ணி கலந்துட்டாங்க!" என்றார்.

ஒரு தகட்டைச் சுடவைத்து அதில் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும். பொரியவில்லை.

"தண்ணி இல்லையே," என்றாள் மனைவி, நிம்மதியாக.

"இல்லன்னா உனக்கு ஏன் சந்தோஷம்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள். வேன்காரர் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக வாங்கிவந்து கொட்டகையைப் பூட்டினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். துடைப்பமும் வாளியும் சோப்பும் கொட்டகைக்குள்தான் இருந்தன. அவர் சாவியோடு வண்டியில் சுற்றிய பகல் முழுக்க வீடு பெருக்கப்படவில்லை, துணி துவைக்கப்படவில்லை. "உங்க கம்பெனி சட்டை அழுக்காவே கிடக்கு, பரவாயில்லையா?" என்று மனைவி கேட்டாள். பாதுகாப்பு என்று வந்துவிட்டால் அழுக்கைப் பார்க்க முடியாது என்றார்.

மறுநாள் காலை பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே எண்ணெய் தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. மட்டம் மட்டும் மறுபடி குறைந்திருந்தது.

வேன்காரர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். பின்பக்கத் தகரத்தில் ஓர் ஆணி கழன்றிருந்தது. தகரத்தைத் தூக்கினால் ஓர் ஆள் புகலாம். வெளியே தரையில் கறுப்புச் சொட்டுகள் வரிசையாகப் பக்கத்து வீட்டுக்குப் போயின. அவர் பின்தொடர்ந்து போனார்.

ஜெனரேட்டர்காரரின் மரவேலி பளபளவென்று கறுப்பாக நின்றது. வேலி மட்டுமில்லை. கேட், ஏணி, கட்டில் கால், நாய்க்கூண்டு எல்லாமே கறுப்பு. நாயின் முதுகிலும் கொஞ்சம் பட்டிருந்தது.

"என்னங்க இதெல்லாம்?"

"கரையானுக்கு அடிச்சிருக்கேன். கழிவு ஆயில் அடிச்சா கிட்டவே வராது."

"ஆயில் யாரு குடுத்தா?"

ஜெனரேட்டர்காரர் வானத்தைப் பார்த்தார். "அதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னவங்கதான்."

"நல்லாயிருக்கு நியாயம்! நான் ராப்பகலாக் காய்ச்சுறேன், நீங்க நாய்க்கூண்டுக்கு அடிக்கிறீங்க. திருட்டு எண்ணெய்னு தெரிஞ்சுதானே வாங்குனீங்க?"

"யாரைப் பாத்துத் திருடன்னு சொல்றீங்க?" ஜெனரேட்டர்காரருக்கு முகம் சிவந்தது. "என் அடுப்பைக் குடுங்க முதல்ல!"

அடுப்பு போயிற்று. வேன்காரர் சமையல்கட்டு அடுப்பிலேயே எண்ணெயைக் காய்ச்சினார். அது கொட்டகை அடுப்பில் பாதிகூட எரியாது. வீடு முழுக்கப் புகை பிடித்து, உப்பு ஜாடி முதல் தலையணை வரைக்கும் லாரி வாசனை வீசத் தொடங்கியது. சரியாகக் காயாத எண்ணெயை அரைகுறையாக வடிகட்டிக் கேனில் ஊற்றி வைத்தார். விடிந்தால் மேனேஜர் வரும் நாள்.

"ஏங்க, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பங்க்ல டீசல் போட்டுக்குங்களேன்," என்றாள் மனைவி.

"என் எண்ணெய் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இல்லாமலா இத்தனை நாள்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

விடியற்காலையில் வேன்காரர் குளிக்கப் போகிறவர் மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஓசைப்படாமல் கொட்டகைக்குள் நுழைந்து காலி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். குழாய்த் தண்ணீர் ஓடுவது கேட்டபடியே இருந்தது. அவருக்குத் தண்ணீர் வீணாகிறதே என்ற கவலை ஒருபக்கம்.

தகரம் மெல்லத் தூக்கிக்கொண்டது. ஓர் உருவம் உள்ளே நுழைந்து, கேனை எடுத்து வெளியே நகர்த்தியது. பிறகு தானும் வெளியே ஊர்ந்தது. தொப்பை தகரத்தில் மாட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் வேன்காரர் பார்த்தது இரண்டு கால்களை. ஒன்று முழு ஜீன்ஸ், மற்றது முழங்காலோடு நின்றது.

"மாட்டுனியாடா!" என்று அந்தக் காலைப் பிடித்தார்.

"மாமா, விடுங்க மாமா! நேரமாகுது!"

"எங்கடா போகணும் உனக்கு?"

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். மைத்துனன் தகரத்துக்கு வெளியிலிருந்து தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பது போல.

"ஆமா மாமா," என்றான் அவன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நான்தான் எடுத்தேன். தினமும் எடுத்தேன்."

"உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டுலயே கை வெச்சிருக்கியே! இந்த வீட்டு வாசல்ல இனிமே காலை வெக்காதே. முழுக் காலையும் வெக்காதே, அரைக் காலையும் வெக்காதே!"

"அவனை ஒரே ஒரு தடவை வெளிய போயிட்டு வர விடுங்க," என்றாள் மனைவி. அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "கேனையும் அவன்கிட்டயே குடுத்து விடுங்க."

"கேனையுமா? அக்காவும் தம்பியும் கூட்டா?"

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க."

"சாயந்தரம் சொல்லு. மேனேஜர் காத்துக்கிட்டிருக்கார்."

கேனைத் திறந்து பார்த்தார். கருங்காப்பி. துளியும் தெளியவில்லை.

"பாத்தியா! இவன் தூக்கி ஆட்டினதுல கலங்கிப்போச்சு," என்று பல்லைக் கடித்தார். டாங்க் அநேகமாகக் காலி. வேறு வழியில்லாமல் முழுக் கேனையும் அதில் கவிழ்த்தார். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

என்ஜின் குழாயில் மிச்சமிருந்த பழைய எண்ணெயில் வண்டி கிளம்பியது. கம்பெனி ஆட்கள் ஏறினார்கள். மேனேஜர் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க வண்டி புகையே விடறதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"எல்லாம் கைப்பக்குவம் சார். ஆறவிடணும்."

அடுத்த திருப்பத்தில் வேன் ஒருமுறை இருமியது. வேன்காரர் மிதியை அழுத்தினார். வேன் இரண்டு மூன்று முறை குலுங்கி, பின்னால் வந்த பஸ்ஸை மறைக்கும் அளவுக்குக் கரும்புகை கக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. உள்ளே எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் தேடினார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கினார். சாலையின் அந்தப் பக்கம் வேறு வேன் வருகிறதா என்று பார்த்தார்.

வேன்காரர் கதவைத் திறந்து கீழே குதித்தார். ஓடிப்போய் மேனேஜரின் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"சார், இது சதி சார்! இத்தனை நாள் ஒரு தடவையாவது நின்னுச்சா? என் மச்சினன் சார், திருட்டுப்பய, என் எண்ணெய்ல கை வெச்சுட்டான். இன்னைக்குத்தான் கையும் களவுமாப் பிடிச்சு வீட்டை விட்டே துரத்தினேன். இனிமே பாருங்க சார், வண்டி எப்படி ஓடுதுன்னு!"

புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, பங்க்கில் டீசல் போடும் பெண் சாலையைக் கடந்து வந்தாள். வேனைப் பார்த்தாள், வேன்காரரைப் பார்த்தாள், கவலையோடு கேட்டாள்.

"என்னண்ணே, தினமும் விடியக்காலையில இதே வண்டிக்கு டீசல் வாங்க கேனைத் தூக்கிட்டு வருவாரே உங்க மச்சான், அக்கா குடுத்த காசுக்குக் கேன் நிறைய மாட்டேங்குதுன்னு அழுதுக்கிட்டே, இன்னைக்கு ஏன் வரல?"