சமையலறை வாசலுக்கு மொழி ஒதுக்கிய வரலாறு

பன்மொழியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினால்தான் இனிப் பதவி உயர்வு என்று கல்வி இலாகா ஒரு நாள் முடிவெடுத்தது. ஒரே மொழியில் பாடம் நடத்தச் சொல்லும் பள்ளிக்கூடத்துக்குப் பன்மொழி எதற்கு என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எனவே டீச்சரும் மாலை வகுப்பில் சேர்ந்தார்.

உண்மையில் டீச்சருக்கு அந்தப் படிப்பு தண்ணீர் பட்ட பாடாக இருந்திருக்க வேண்டும். வேறு மொழிக்காரரான ஒரு தையல்காரரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். தாய்வீட்டு மொழி ஒன்று, புகுந்த வீட்டு மொழி ஒன்று, தெருவில் இறங்கினால் ஊர் மொழி. மாமியார் தன் மொழியில் ஆரம்பிக்கும் வசவை டீச்சர் தாய்வீட்டு மொழியில் வாங்கி, ஊர் மொழியில் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார். நாலு வயது மகள் சுண்டு மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து நாள் முழுக்கப் பேசுவாள்.

அவர் சேர்ந்த பன்மொழியியல் துறையிலோ வகுப்பு, தேர்வு, வம்பு எல்லாம் ஒரே மொழியில்தான். பல மொழிகளைப் படிக்கிற இடத்தில் பல மொழி பேசினால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது துறைத்தலைவரின் கொள்கை.

டீச்சர் தன் வீட்டையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, ஒரு சாயங்காலப் பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். துறைத்தலைவரின் முகம் சுருங்கியது.

"இதில் ஒரு மொழி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது?"

"முடியறதே இல்லை சார். அது பாட்டுக்குப் போகும்."

"அது பாட்டுக்குப் போனால் எப்படியம்மா எண்ணுவது? முதலில் வீட்டைச் சீர்செய்யுங்கள். கூடத்தில் ஊர் மொழி, சமையலறையில் மாமியார் மொழி, படுக்கையறையில் உங்கள் மொழி. அதற்குப் பிறகு அவர்கள் எவ்வளவு இயல்பாகப் பேசுகிறார்கள் என்று பார்ப்போம்."

மறுநாளே ஒவ்வோர் அறையிலும் ஒரு பதிவுக் கருவி உட்கார்ந்தது.

"நீ படிக்கிறதுக்கு நாங்க எதுக்கு பரீட்சை எழுதணும்?" என்றார் தையல்காரர்.

"என்னங்க, கொஞ்ச நாள்தானே? பொறுத்துக்குங்க."

புதிய சட்டத்தை முதலில் புரிந்துகொண்டவர் மாமியார். அன்றிலிருந்து அவர் சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. அது அவருடைய ராஜ்யம். டீச்சர் அங்கே நின்று தன் மொழியில் பதில் சொல்ல வாயெடுத்தால், கருவியைக் கைகாட்டி, "தரவு கெட்டுப்போகுதும்மா" என்பார். தன் மொழியில் திருப்பிக் கொடுப்பதென்றால் மாமியாரைப் படுக்கையறைக்கு அழைத்துப் போக வேண்டும். "பிள்ளையும் மருமகளும் படுக்கிற இடத்துல எனக்கென்ன வேலை?" என்று அவர் நாணத்தோடு மறுத்துவிடுவார்.

தையல்காரரின் கஷ்டம் வேறு மாதிரி. மனைவியின் மொழியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட கொஞ்சல்கள்தான். படுக்கையில் சாய்ந்து, தன் முதுகுவலியை அந்தக் கொஞ்சல்களை வைத்தே விளக்கிப் பார்த்தார். டீச்சர் வெட்கப்பட்டாரே தவிர, தைலம் எடுத்து வரவில்லை.

சுண்டுதான் பாவம். ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைந்து, "இங்க எது?" என்று கேட்டாள். பிறகு கேட்பதையும் நிறுத்தினாள். வேண்டியதை விரலால் காட்டினாள். குழந்தையின் மௌனத்தை "தூய தரவு" என்று துறைத்தலைவர் பாராட்டிய அன்று டீச்சர் சுண்டுவை மடியில் வைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஆனாலும் கருவிகளை எடுக்க மனம் வரவில்லை. பாதிப் படிப்பு முடிந்திருந்ததே.

ஒரு மாலையில் சுண்டுவுக்குக் காதுவலி வந்தது. காதுக்கு அவளுக்குத் தெரிந்தது அம்மா மொழிச் சொல். வலிக்கு அப்பத்தா மொழிச் சொல். சமையலறையில் பாதியை முழுங்கினாள், கூடத்தில் முழுவதையும் முழுங்கினாள். கடைசியில் இரண்டுக்கும் நடுவே, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று நின்று, மூன்று மொழியிலும் ஓவென்று கொட்டினாள். உள்ளேயிருந்து அப்பத்தா ஓடி வந்தார். கூடத்திலிருந்து அப்பா பாய்ந்தார். டீச்சர் குழந்தையை வாரி எடுத்தார். "டாக்டர்கிட்ட போலாம்டா!" "முதல்ல ஒத்தடம்!" "அத்தை, நகருங்க!" என்று அந்த மூன்றடி இடத்தில் எல்லாரும் எல்லா மொழியிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எவ்வளவு நாள் கழித்து!

காது சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் வாசலை விட்டு நகரவில்லை. தையல்காரர் முக்காலியை அங்கேயே போட்டுக்கொண்டார். மாமியார் காய் நறுக்கியதும் அங்கேதான், சண்டை நடந்ததும் அங்கேதான்.

வீட்டைப் பார்வையிட வந்த துறைத்தலைவர் திகைத்துப் போனார்.

"எல்லாரும் ஏன் இங்கே நெருக்கியடித்து நிற்கிறீர்கள்?"

"இந்த இடத்துக்குத்தான் நீங்க எதையும் ஒதுக்கலையே ஐயா" என்றார் மாமியார்.

"அப்படியானால் இங்கே பேசப்படுவது மொழியே இல்லை!"

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், என் குழந்தை காது வலிக்குதுன்னு இங்க நின்னுதான் சொல்லிச்சு."

"சொன்னதில் காது எத்தனை சதவீதம்?"

டீச்சர் அறைகளில் இருந்த கருவிகளையெல்லாம் பிடுங்கி அவர் கையில் திணித்து, வெளிவாசலைக் காட்டினார். பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் அந்தக் கருவிகளில் இருந்த பதிவுகளைக் கேட்கப் பல்கலைக்கழக உயர்மட்டக் குழு கூடியது. தீர விவாதித்தது. இரண்டு அறைகளுக்கு இடையே இதுவரை அறியப்படாத ஒரு மொழி கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்றும், அதற்கு "இடைவாசல் மொழி" என்று பெயர் சூட்டப்படுகிறது என்றும் அறிவித்தது. டீச்சருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. துறையிலேயே வேலையும் கிடைத்தது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும், தான் கண்டுபிடித்தது உண்மைதான் என்று டீச்சருக்கும் தோன்றத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு அவரிடம் ஆய்வு செய்ய ஒரு பெண் வந்தாள். வீட்டில் ஏழு பேர், நாலு மொழி.

"வீட்டில் இடைவாசல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லை மேடம். மொத்தமே ஒரு ரூம்தான். எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசிட்டிருப்போம்."

"இடைவாசல் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படியம்மா பேச முடியும்? முதலில் குறுக்கே ஒரு சுவர் எழுப்புங்கள். நடுவில் வாசல் வையுங்கள். அதற்குப் பிறகு இயல்பாகப் பேசச் சொல்லுங்கள்."

அந்தப் பெண் தன் வீட்டில் இருக்கும் ஏழு பேரையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

"அகலம் எவ்வளவு இருக்கணும் மேடம்?"