குருவிக்குக் கிரகப்பிரவேசம்

சேர்வராயன் மலையில் வருடம் முழுவதும் காணக்கிடைக்கும் உயிரினங்களில் குருவி உபகாரியும் ஒன்று. பறவைப் புத்தகத்தில் தேட வேண்டாம். அதற்குச் சிறகு கிடையாது. தொப்பி உண்டு. கழுத்தில் பைனாகுலர் உண்டு. அதன் மூடியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. சமவெளியில் முப்பது வருடம் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஓய்வு பெற்றதும் மலையேறி, காப்பிச் செடிகளுக்கு நடுவே மாடி வைத்த வீடு கட்டி, அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று ஏழெட்டு மரங்களை வெட்டி, வெட்டிய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஐயோ, பறவைகளுக்கு இருக்க இடமில்லையே!" என்று கண் கலங்குவது இதன் இயல்பு. கண்ணீர் உண்மையானது. சிக்கலே அதில்தான்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர் கிளியூர்ச் சாலையில் இருக்கும் சந்திரசேகர் சார்.

உபகாரியின் ஆயுதம் சுரைக்குடுக்கை. மஞ்சக்குட்டையிலிருந்து முற்றிய சுரைக்காய்களை ஜீப்பில் ஏற்றி வந்து, மூன்று மாதம் காயப்போட்டு, பூஞ்சை பிடித்த தோலை ஊறவைத்துச் சுரண்டி, ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே விதை குலுங்கும் சத்தத்துக்குக் கண்ணை மூடித் தலையாட்டுவார் சார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓர் ஓட்டை போட்டு, விதையைக் கொட்டி, கிளையில் தொங்கவிட்டால் குருவிக்குப் போதும்.

உபகாரிக்குப் போதுமா?

வாசல் தாராளமாக இருக்கட்டும் என்று உள்ளங்கை அகலத்துக்கு அறுத்தார். அதில் குருவியும் நுழையலாம், குருவிக்குஞ்சைத் தின்னும் காக்கையும் நுழையலாம். காற்றோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் வைத்தார். ஒன்றில் மயில் வரைந்தார், ஒன்றில் தாமரை, ஒன்றில் மயிலும் தாமரையும். இரண்டு கை வார்னிஷ் அடித்தார். 'அன்பகம்', 'நிழல்', 'தாய்மடி' என்று பெயர்ப்பலகை மாட்டினார். வாஸ்து பார்த்து எல்லா வாசலையும் கிழக்கே திருப்பினார். அவர் தோட்டத்தில் சாரல் ஏறி வருவதும் கிழக்கேயிருந்துதான். இப்படிப் பத்துக் குடுக்கைகள் தயாராயின. பிறகு நல்ல நாள் பார்த்து மாவிலை கட்டி, அக்கம்பக்கத்து எஸ்டேட்காரர்களை அழைத்து, கிரகப்பிரவேசம்.

பால் காய்ச்சியது ராசம்மாக்கா. கிளியூரிலிருந்து தினமும் நடந்து வந்து சார் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறவர்.

"ஏனுங்க சார், பாலு பொங்கிருச்சு. குடி வர்றவிகளைக் காணமுங்களே?"

"வரும் ராசம்மா. நாம மொதல்ல ரெடியா இருக்கணும்."

"ஊட்டுக்காரவிக இல்லாமப் பாலு காச்சுனா பூனைதானுங்க வரும்."

பூனை வந்தது. இரண்டு மாதம் வந்துகொண்டே இருந்தது. குருவி வரவில்லை.

சாதாரண ஆளாக இருந்தால் விட்டிருப்பார். உபகாரியோ அதற்குள் 'குருவியோடு ஒரு காலை' என்று வாட்ஸ்அப்பில் இருபது பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்திருந்தார். குருவியை மட்டும் இன்னும் அழைத்துத் தீரவில்லை. நாள் நெருங்க நெருங்க, தோட்டத்தில் நின்று 'அன்பகம்' வாசலைப் பார்த்து அவரே விசிலடிக்க ஆரம்பித்தார்.

பதினோராவதாக ஒரு குடுக்கை இருந்தது. கழுத்து கோணல். ஓட்டை போட ஆரம்பித்தபோதே துளைக்கருவி முறிந்துபோனதால் ஒரு சின்ன எலுமிச்சம்பழம்கூட நுழையாத வாசல். 'இது வீடா?' என்று பின்கட்டில் எறிந்திருந்தார். காலில் இடறுகிறதே என்று ராசம்மாக்கா அதற்கு ஒரு கயிற்றைக் கட்டி, விறகுக் கொட்டகையின் இறவாரத்தில் மாட்டியிருந்தார். வாசல் எந்தத் திசை என்று அவர் பார்க்கவில்லை. மழை படாத திசை.

சனிக்கிழமை மதியம் அதற்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. பட்டாணிக் குருவி ஜோடி ஒன்று யாருக்கும் சொல்லாமல் குடியேறிக் குஞ்சும் பொரித்திருந்தது. சார் ஓடி வந்தார். பார்த்தார். கண் கலங்கினார். உடனே கேட்டார்:

"ராசம்மா, அந்த மஞ்சப் பெயிண்ட் எங்க?"

"எதுக்குங்க?"

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்கல்ல? இப்படி மொட்டையாவா இருக்கறது? லேசா ஒரு பார்டர் மட்டும்."

"உள்ளார பச்சைக் குஞ்சுங்க இருக்குதுங்க. அந்த வாடைக்கு ஆத்தாக்காரி திரும்பிப் பார்க்க மாட்டா. புள்ள பெத்தவ படுத்திருக்கையில ஆஸ்பத்திரிக்கு யாராச்சும் வெள்ளையடிப்பாங்களா சார்?"

சார் அதற்குள் கையிலெடுத்திருந்த தூரிகையைக் கீழே வைத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒரு நிமிடம் நிஜமாகவே குருவியை நினைத்தார். அடுத்த நிமிடம் முகம் மலர்ந்தது. "வெறுமை! அதுதான் அலங்காரம்!" என்றார். மாலைக்குள் உப்புத்தாள் போட்டு மூன்று மயில்களைத் தேய்த்து அழித்துவிட்டார்.

ஞாயிறு காலை இருபது பேரும் வந்து, இறவாரத்துக்கு அடியில், கை நீட்டினால் குடுக்கையைத் தொடும் தூரத்தில் அரைவட்டமாக நின்றார்கள்.

"இந்த வாசல் அளவு எப்படிக் கெடச்சதுன்னு நெனைக்கறீங்க?" என்றார் சார். "ஆராய்ச்சி. பத்து மாடல் பண்ணிப் பாத்து, கடைசியா இதுக்கு வந்தேன்."

தாய்க்குருவி அலகில் பச்சைப் புழுவோடு சில்வர் ஓக் கிளையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கிளை இறங்கும், கூட்டத்தைப் பார்க்கும், ஏறிவிடும்.

"சார், கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா அது வந்து ஊட்டீரும்" என்றார் ராசம்மாக்கா.

"பறவைக்கு என்னை நல்லாத் தெரியும், ராசம்மா. நீ காப்பி கொண்டா."

வந்தவர்களில் ஞானசுந்தரி மேடம் குடுக்கையோடு கன்னம் சேர்த்துச் செல்ஃபி எடுத்தார். சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தார். மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். சார் தன் இளமையில் பார்த்த குருவிகளைப் பற்றிப் பேசத் தொடங்கி ஒரு மணி நேரமாயிற்று. உள்ளே கீச்சுக் குரல் மெலிந்தது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. "தூங்குது பாருங்க, எவ்வளவு பாதுகாப்பா!" என்றார் சார், தழுதழுத்த குரலில்.

ராசம்மாக்கா காப்பித் தட்டை விறகின்மேல் வைத்தார். காப்பிக்காட்டைப் பார்த்தார். ஒரே கத்தல்.

"ஏனுங்க! காட்டெருமைங்க! செடிக்குள்ளாற நிக்குதுங்க, நொம்பப் பெருசு!"

இருபது பேரும் ஒரே கதவில் நுழைந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் உள்ளே போனவர் யார் என்று சொல்ல மாட்டேன். தொப்பி மட்டும் வெளியே கிடந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. ராசம்மாக்கா இன்னும் வெளியே நிற்கிறாரே என்று ஒருவரும் கேட்கவில்லை.

குருவி ஒரே வீச்சில் இறங்கி உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கீச். அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு ஒரே ரகளை. ராசம்மாக்கா விறகுக்கட்டையில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். தாய் வந்தது, போனது, தகப்பன் வந்தது, போனது.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. "ராசம்மா, போயிருச்சா?"

"எங்கீங்க சார், நவுருவனாங்குது. சாயங்காலம் வரைக்கும் யாரும் வெளிய வந்துறாதீங்க."

இதைப் படிக்கும்போது உங்கள் தெருவிலிருக்கும் ஒருவரின் பெயர் உங்கள் வாய் வரை வந்திருக்கும். வரட்டும், சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும், கடைசியாக நீங்கள் ஒருவருக்குச் செய்த உபகாரத்தை நினைத்துக்கொண்டு சற்றே அண்ணாந்து பாருங்கள். எதற்கும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பாருங்கள். அந்த உபகாரத்தைப் பெற்றவர் அலகில் புழுவோடு உட்கார்ந்திருக்கக்கூடும்.