விசில் டீச்சரும் மூன்றாம் வகுப்பு பஸ்ஸும்

மயிலாப்பூர் பார்க்காத ஊர்வலம் கிடையாது. ஆனால் ஒரு பையன் கொட்டாவி விட்டதற்காக ஊர்வலம் நடத்திய ஒரே மனுஷி எங்கள் விசில் டீச்சர்தான். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கடைசி வரிசையில் நானும் நடந்தேனே!

அவர் மூன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவு டீச்சர். நான் 'பி'. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் பென்சில் விழுந்தால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் குனிந்து தேடுவார்கள். தினமும் பிரேயர் முடிந்ததும் அங்கே விசில் பறக்கும். கபடி நடுவர்கூட அப்படி ஊத மாட்டார். உடனே ஒரு பிள்ளை டீச்சரின் நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும். மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

"நல்ல பையன், நல்ல பொண்ணுன்னு எவனாவது ஆரம்பிச்சீங்க, தொலைஞ்சீங்க! கண்ணால பார்த்ததைச் சொல்லு!"

சொன்னார்கள். "இவன் டிபன் பாக்ஸைத் தொறந்தா மொதல்ல பக்கத்துலதான் நீட்டுவான்." "இவ அழுதா சத்தமே வராது டீச்சர், மூக்கு மட்டும் செவக்கும்." "இவன் கொட்டாவி விட்டா கிளாஸே கொட்டாவி விடும்."

கடைசியாகச் சொன்னதை டீச்சர் நம்பவில்லை. "எங்க, விடு பார்ப்போம்" என்றார். விட்டான். முப்பத்தைந்து வாய்கள் திறந்தன. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வாயும். அவ்வளவுதான், பையனை முன்னால் விட்டு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம்! சத்தம் கேட்டுத் திட்ட வந்த தலைமையாசிரியை வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது. பேசாமல் உள்ளே போய்விட்டார்.

என் வகுப்பில் கலகம் வெடித்தது. "எங்களுக்கும் வேணும்!" சரியென்று ஒரு பெண்ணை உட்கார வைத்து, "இவள் ஒழுக்கமான மாணவி" என்று ஆரம்பித்தேன். "போங்கு டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் தேவியின் முறை வந்தது. 'ஏ' வகுப்பில் கடைசி பெஞ்ச். வாயைத் திறக்காத பிள்ளை. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மயிலாப்பூரில் பெயிண்ட் வேலை பார்த்த அப்பாவோடு பஸ் ஏறி அவள் வந்து சேர ஒன்பது முப்பத்தைந்து ஆகும். அதற்குள் கொண்டாட்டம் முடிந்திருக்கும். அன்று டீச்சர் காத்திருந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

யாருக்கும் சொல்ல எதுவும் இல்லை. கடைசியில் ஒரு பையன் சொன்னான்: "அவ டெய்லி லேட்டா வருவா டீச்சர்."

தேவி நாற்காலியை விட்டு இறங்கிப் போய் பெஞ்சில் தலை கவிழ்ந்தாள். சாயங்காலமே அவள் அப்பா டி.சி. கேட்டு வந்துவிட்டார்.

"இன்னா பண்றது டீச்சர், இஸ்கூலுக்கே வர மாட்டேன்னு அழுவுது. அங்கயே எதுனா ஒண்ணுல சேத்துடறேன்."

விசில் டீச்சர் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தப்பு என்னோடதுங்க. நாளைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. அப்பவும் பிடிக்கலைன்னா நானே எழுதிக் கையில கொடுக்கறேன்."

மறுநாள் பிரேயருக்கு அவரைக் காணோம். தடுப்புக்கு இரண்டு பக்கமும் நானே ஓடிக்கொண்டிருந்தேன். ஒன்பது முப்பத்தைந்துக்குத் தேவி, அவள் அப்பா, பின்னாலேயே மூச்சிரைக்க விசில் டீச்சர். மனுஷி விடிவதற்கு முன் கிளம்பிப் பெரும்பாக்கம் போய், அவர்களோடு அதே பஸ்ஸில் வந்திருக்கிறார்!

"நம்ப மாட்டீங்க, இந்தப் பொண்ணு பஸ்ஸுல வாயை மூடவே இல்லை!" என்றார் என்னிடம். "கண்ணு தெரியாத பெரியவர் ஒருத்தர் கூட வர்றார். அவருக்காக ஒவ்வொரு ஸ்டாப்பா இவதான் சொல்றா. கண்டக்டர் சும்மா நிக்கறார்!"

அடுத்த நிமிஷம் பெஞ்சுகள் இரண்டு வரிசையாக நகர்ந்தன. வகுப்பு பஸ்ஸானது. என் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். விசில் டீச்சர் முன் சீட்டில் கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டார்: "பாப்பா, பெருங்குடி வந்துடுச்சா?"

தேவி அசையவில்லை. டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் ரெண்டு ஸ்டாப்பு கீது தாத்தா."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தேவியும் சிரித்துவிட்டாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்து, பெருங்குடி, கந்தன்சாவடி என்று குரல் ஏறிக்கொண்டே போனது. தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "என்ன நடக்குது இங்க?" என்றார்.

"படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ!" என்று அதட்டினாள் தேவி.

தலைமையாசிரியை உள்ளே வந்து என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அப்போது, முந்தின நாள் 'லேட்' என்று சொன்ன அந்தப் பையன் எழுந்தான். "டீச்சர், நான் எண்ணினேன். அவ லேட் இல்ல. இதுவரைக்குமே இருபத்தாறு ஸ்டாப்பு தாண்டி வரா." கைதட்டலில் பிளைவுட் ஆடியது.

வராந்தாவில் நின்ற அப்பா, "தேவி, கெளம்பலாமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நீ எறங்கு நைனா. நான் மந்தைவெளி வரைக்கும் போறேன்."

அவர் சிரித்தபடி, பெயிண்ட் கறை படிந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். இனிமேல் கொண்டாட்டம் ஒன்பது நாற்பதுக்குத்தான் என்று தலைமையாசிரியை அங்கேயே உத்தரவு போட்டார்.

மதியம் விசில் டீச்சர் மேஜைமேல் கவிழ்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. எழுபது பிள்ளைகளும் நானும் ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கிசுகிசுப்பாகவே சொல்லி முடித்தோம்.