இருபத்தோராவது சேலை

“அக்கா, கழுத்துல மாட்ட விடாதீங்க. கையத் தட்டி விடுங்க.”

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கன்னியாகுமரி மணலில் தாமரைச்செல்வி ஓடினாள். முப்பதடி தூரத்தில், சங்கு விற்கும் ஒருவன் அவளோடு வேனில் வந்த சின்னத்தாயின் கழுத்தில் பாசி மாலையை மாட்டிக்கொண்டிருந்தான். இந்த வித்தை தாமரைச்செல்விக்குத் தெரியும். சும்மா போட்டுப் பாருங்கம்மா என்பான். போட்ட பிறகு கழற்ற விடமாட்டான்.

பாய்ந்து மாலையைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்தது. பாசி மணிகள் மணலில் தெறித்தன.

“எம்புட்டு தைரியம் உனக்கு. பொம்பளைக தனியா வந்தா ஏமாத்திரலாம்னு நெனப்பா?”

அவன் பதறவில்லை. “இது இந்தம்மாவோட மாலைக்கா. கொக்கி கழண்டிருச்சு, மாட்டி விடுன்னு கேட்டாங்க.”

“ஆமா மேடம்,” என்றாள் சின்னத்தாய், மணிகளைப் பொறுக்கியபடி. “போன வருசம் திருச்செந்தூர்ல வாங்குனது. நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வரைக்கும்.”

தாமரைச்செல்வி அசரவில்லை. மாலை போனால் போகிறது. ஆள் ஏமாறவில்லை அல்லவா?

இதே கடற்கரையில் போன வருடம் அவள் ஒரு முத்து மாலை வாங்கினாள். முதல் குளியலிலேயே முத்துக்கள் தோல் உரிந்து பச்சைப் பட்டாணி மாதிரி ஆகிவிட்டன. அன்றிலிருந்து புகுந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், “எங்க, நம்ம முத்து மகராசியக் காணோம்” என்றுதான் பந்தி ஆரம்பிக்கும். அதிகம் சிரிப்பவள் நாத்தனார் முத்துமீனா. எழுமலையில் மகளிர் குழுத் தலைவி.

அந்த முத்துமீனாதான் முந்தாநாள் போன் செய்தாள். குழுவோடு கன்னியாகுமரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் குளியலறையில் வழுக்கிக் கால் பிசகிவிட்டதாம்.

“வேற ஆளு கெடைக்கல, அதான் உன்னைய அனுப்புறேன். ஒருத்தி ஏமாந்துட்டு வந்தாலும் எழுமலைப் பக்கம் உன் தலை தெரியக் கூடாது.”

“ஒரு ஊக்கு கூடக் காணாமப் போகாது மதினி,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் தாமரைச்செல்வி. அந்தப் பட்டப்பெயரைக் கடலில் கரைக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

விடியும் முன்பே வீடு இருக்கும் வில்லாபுரத்தில் ஆட்டோ பிடித்து, வேன் டீக்கு நிற்கும் என்று நாத்தனார் சொன்ன திருமங்கலத்துக்கு வந்து சேர்ந்தாள். தன் செல்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். கடற்கரையில் முதலில் பறிபோவது அதுதான். நாத்தனார் கொடுத்தனுப்பிய குழுச் சேலையைக் கட்டியிருந்தாள். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. அதே சேலைக் கூட்டம் டீ குடித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்த வேனில் இவளும் ஏறி, முன்னால் நின்று அறிவித்தாள்.

“முத்துமீனாவுக்குக் கால் பிசகிருச்சு. அவுங்களுக்குப் பதிலா நான். இன்னைக்குப் பூரா நான் சொல்றதுதான். சரியா?”

“சரிங்க மேடம்,” என்றது வேன் முழுவதும்.

முத்துமீனாவின் காலைப் பற்றி ஒருத்தி கூட விசாரிக்கவில்லை. ஊரில் நாத்தனாருக்கு இருக்கும் மதிப்பு இவ்வளவுதானா என்று தாமரைச்செல்விக்கு உள்ளுக்குள் இனித்தது. ‘மேடம்’ அதைவிட இனித்தது.

ஆனால் மாலை விவகாரம் ஓர் எச்சரிக்கை. பெண்கள் எல்லோரையும் மணலில் வட்டமாக உட்கார வைத்தாள்.

“தாலி இருக்கட்டும். மத்தபடி செயினு, தோடு, மோதிரம், செல்போனு எல்லாத்தையும் கழட்டி என் பையில போடுங்க. ஒருத்தர் கண்ணுலயும் எதுவும் படக் கூடாது.”

மறுபேச்சு இல்லை. ஒவ்வொருத்தியாகக் கழற்றிப் போட்டார்கள். கடைசியில் இருந்த கனகலட்சுமி மட்டும் தயங்கினாள்.

“கையெழுத்துப் போடணுமா மேடம்?”

“எதுக்கு?”

“எப்பவும் போடுவோம்ல.”

சின்னத்தாய் நோட்டை எடுத்தாள். ஆளுக்கொரு கையெழுத்து விழுந்தது. இவ்வளவு ஒழுங்கான குழுவா என்று தாமரைச்செல்வி வியந்தாள். நாத்தனார் ஆள்தான் சரியில்லை, வேலை சுத்தம்.

பத்து நிமிடத்தில் பை பாட ஆரம்பித்தது. இருபது செல்போன்கள், இருபது கணவன்மார். ஒருவன் சோற்றுப்பானை எங்கே என்று கேட்க, இன்னொருவன் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டதைச் சொல்ல. எடுக்க விடவில்லை தாமரைச்செல்வி. விளைவு, கூட்டத்தில் பிரிந்தவர்கள் பேசிச் சேர வழியில்லாமல் போயிற்று. முக்கடல் கூடும் படித்துறையில் மூன்று பேர் தொலைந்து, முக்கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

“இனிமே யாரும் பிரியப்படாது. முன்னாடி போறவ முந்தானையப் பின்னாடி வாரவ பிடிச்சுக்கங்க.”

மஞ்சள் ரயில் ஒன்று கடற்கரையில் ஊர்ந்தது. ஐஸ் விற்பவர் ஒதுங்கி நின்று கும்பிட்டார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இரண்டு வடநாட்டு அம்மாக்கள் கடைசிப் பெட்டியாக வந்து ஒட்டிக்கொண்டார்கள். தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அவர்களை விரட்டிவிட்டாள். ஆனால் ஒரு சந்தேகம் தட்டியது. வேறு யாராவது இப்படி வந்து ஒட்டியிருந்தால்?

வேனுக்குக் கூட்டி வந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“கருத்தக்கண்ணண்ணே, உங்க லிஸ்டுல எத்தன பேரு போட்டிருக்கு?”

டிரைவர் கருத்தக்கண்ணன் சீட் கவருக்குள்ளிருந்து தாளை உருவினார். “இருபது மேடம்.”

“எண்ணுனா இருபத்தொண்ணு வருது.”

“உங்களையும் சேத்து எண்ணிட்டீகளா?”

“என்னைய விட்டுட்டு எப்படிண்ணே? முத்துமீனா எடத்துல நான். இருபதுல நானும் ஒருத்தி.”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப ஒண்ணு கூடத்தான் இருக்கு. நான் என்ன செய்ய? மொத்தச் சீட்டு இருபத்தொண்ணு. நெறஞ்சிருச்சு, கெளப்பிட்டேன்.”

தாமரைச்செல்விக்குப் புரிந்துவிட்டது. குழுச் சேலையையே வாங்கிக் கட்டிக்கொண்டு ஒருத்தி உள்ளே நுழைந்திருக்கிறாள். எவ்வளவு பெரிய கைகாரி. இவளை வெளிப்படையாகத் தேடினால் உஷாராகிவிடுவாள். நைசாகத்தான் பிடிக்க வேண்டும்.

“மேடம், படகுக்கு வரிசை பெருசாயிருச்சாம்,” என்றாள் கனகலட்சுமி.

“படகு கெடையாது.”

“சிப்பியாவது பாக்கலாமா?”

“யாரும் எதையும் பாக்கக் கூடாது.”

வேனுக்குள்ளேயே எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. தாமரைச்செல்வி ஒவ்வொரு முகமாக நோட்டமிட்டாள். ஒருத்தி மட்டும் சாப்பிடவில்லை. சின்னத்தாய். அவள் உதடுகள் அசைந்தன, கண் இருக்கை இருக்கையாக நகர்ந்தது. ஆட்களை எண்ணுகிறாள். எண்ணி முடித்துவிட்டு நகைப் பையைப் பார்த்தாள்.

அகப்பட்டுக்கொண்டாள்.

தாமரைச்செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “என்னக்கா, சாப்பிடலையா?”

“எல்லாரும் சாப்பிட்டாகளான்னு பாத்துட்டுச் சாப்பிடுவேன் மேடம். அந்தப் பை கனமா இருக்கும்ல? நான் வேணும்னா வச்சுக்கிறேன்.”

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“அது கெடக்கட்டும். நம்ம ஊரு ரேசன் கடை எந்தப் பக்கம் பாத்து இருக்கு?”

“கெழக்க பாத்து.”

சின்னத்தாய் யோசிக்கவே இல்லை. தாமரைச்செல்விதான் யோசித்தாள். எழுமலைக்குக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியதோடு சரி. ரேஷன் கடையை அவள் கண்ணால் கண்டதில்லை.

“சரியான பதில்,” என்றாள் மிடுக்காக.

இரண்டு மணிக்குப் பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு தூரம் வந்து கடலில் கால் நனைக்கவில்லை. ஒரு வளையல் வாங்கவில்லை. பின் இருக்கையில் ஒருத்தி, “இதுக்கு ஊர்க் கம்மாயிலயே நின்னுருக்கலாம்” என்றாள். இன்னொருத்தி, “உஸ், மேடம் காதுல விழுந்தா லோனு வராது” என்று அடக்கினாள். தாமரைச்செல்வியின் காதில் எதுவும் விழவில்லை. சின்னத்தாய் பையைக் கைப்பற்றும் தருணம் நெருங்குகிறது என்று மட்டும் அவள் மனசு அடித்துக்கொண்டது. இதற்கு மேல் தனியாகத் தாங்க முடியாது.

“எல்லாரும் எறங்குங்க. முந்தானையப் பிடிங்க.”

மஞ்சள் ரயில் நேராகக் கடற்கரையோரப் போலீஸ் கூடாரத்துக்குப் போய் நின்றது. உள்ளே பெண் ஏட்டு ஒருத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற மஞ்சளைப் பார்த்ததும் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்ன, ஊர்வலமா?”

“இல்லங்க ஏட்டம்மா. இதுல ஒருத்தி வெளியாளு. எங்க சேலையவே கட்டிக்கிட்டு விடியக்காலையில இருந்து கூடவே வாரா. நகை நட்டையெல்லாம் அள்ளிக்கிட்டு ஓடுறதுக்குள்ள பிடிச்சுக் குடுங்க.”

பெண்கள் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நகை எல்லாம் இப்ப எங்க இருக்கு?”

“பத்திரமா எங்கிட்டத்தான் இருக்கு,” என்று பையைத் தட்டிக் காட்டினாள் தாமரைச்செல்வி. பைக்குள்ளிருந்து ஒரு பக்திப் பாட்டு கிளம்பி அடங்கியது.

ஏட்டம்மா பையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

“இது ரொம்ப லேசு. ஒவ்வொருத்தரா வந்து இந்த நாற்காலிக்குப் பக்கத்துல நில்லுங்க. நிக்கிறவங்களத் தெரியும்னா மத்தவங்க கையத் தூக்குங்க. யாருக்குக் கை தூக்கலையோ, அவங்கதான்.”

தாமரைச்செல்விக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே. முத்துமீனாவிடம் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். நான்தான் பிடித்தேன் மதினி, போலீஸ் சும்மா உட்கார்ந்துதான் இருந்தது.

கனகலட்சுமி நின்றாள். கைகள் எழுந்தன. அடுத்தவள் நின்றாள். கைகள் எழுந்தன. எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொருத்தியும் நாற்காலியருகே போய் நிற்பதும் சிரித்துக்கொண்டே திரும்பி வருவதுமாக, காலையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த முதல் பொழுதுபோக்கு அதுதான்.

“சின்னத்தாய், இப்ப நீங்க போங்க,” என்றாள் தாமரைச்செல்வி. பையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

சின்னத்தாய் போய் நின்றாள். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். சிலர் இரண்டு கைகளையும் தூக்கினார்கள்.

மிச்சமிருந்தவர்களும் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். இருபதாவது ஆளுக்கும் கைகள் எழுந்து இறங்கின.

“இருபது பேரும் சரியா இருக்கு,” என்றாள் ஏட்டம்மா. “நீங்க வந்து நில்லுங்கம்மா.”

“நானா? நான்தானே கூட்டியாந்ததே.”

“சும்மா ஒரு கணக்குக்கு.”

தாமரைச்செல்வி சிரித்துக்கொண்டே போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு கை கூட எழவில்லை. கனகலட்சுமியின் வலது கை பாதி உயர்ந்தது. ஆனால் அது தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

ஏட்டம்மா மெதுவாகக் கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். “இவங்க யாரு?”

பெண்கள் சின்னத்தாயைப் பார்த்தார்கள். சின்னத்தாய் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“நாங்க திருவாதவூரு மகளிர் குழுங்க, ஜில்லாவுல எல்லாக் குழுவுக்கும் இதே சேலைதான், இவுக திருமங்கலத்துல நாங்க டீ குடிச்சிட்டு ஏறயில தானா வந்து ஏறி அதட்டுனாக, ஆபீசுல இருந்து வந்திருக்கிற புது மேடம்னு நெனச்சு நாங்க இன்னும் பேரு கூடக் கேக்கல.”