இருபது வருஷ உத்தரவாதம்

அறுபத்தொரு வயதில் அபூதாஹிர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். தனக்கென்று ஒரு வருமானம் வேண்டும். அது மாதா மாதம் வர வேண்டும். முக்கியமாக, ஆதிலாவுக்குத் தெரியாமல் வர வேண்டும்.

ஆதிலா அவருடைய மனைவி. கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. அபூதாஹிரின் பென்ஷன் அட்டையை அவள் பறித்து வைத்துக்கொள்ளவில்லை. இரகசிய இலக்கத்தைப் பிழையாக அமத்தி அமத்தி, அவர்தான் அதை இரண்டு தரம் வங்கி மெஷினுக்குள் தொலைத்தார். இரண்டாம் தரம் அட்டையை மீட்டு வந்தவள் ஆதிலா. மீட்டவளின் அலுமாரிக்குள் அது குடியேறிவிட்டது. அன்றிலிருந்து காலையில் வெளிக்கிடும்போது அபூதாஹிர் காசு கேட்பார், அவள் ஒரே ஒரு சொல்லைத் திருப்பிக் கேட்பாள்.

"எதுக்கு?"

இதில் ஒரு நியாயம் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஓர் அரசாங்கப் பண்டசாலையில் முப்பத்து மூன்று வருஷம் பொறுப்பாளராக இருந்தவர் அபூதாஹிர். அவருடைய கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட அந்தப் படலையைத் தாண்டியதில்லை. கடதாசியைத் தலைகீழாகவும் திருப்பி வாசிப்பார். பெரிய எஞ்சினியர் வந்து போல்ட்டுக்கு ஒரு சுரை கேட்டாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து "எதுக்கு?" என்று கேட்பார். முப்பத்து மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் போட்ட கேள்வி இப்போது வட்டியும் முதலுமாக வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது.

காசு கிடைக்காமல் இல்லை. பால் விடாத ஒரு பிளேன்ரீக்கும் ஒரு வடைக்கும் அளந்து கிடைக்கும். சிக்கல் அங்கேதான். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணித் தேத்தண்ணிக் கடையில் அவரோடு சேர்த்து நாலு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்து நாலு பேருக்கும் ஒருவர் காசு கொடுப்பது வழக்கம். அபூதாஹிரின் முறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. மூன்று மாதமாக அது ஒரு செவ்வாயைக்கூடத் தவற விடவில்லை. நண்பர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நாலு பேரில் ஒருவர் முனீப், ஓய்வு பெற்ற வாத்தியார். முன்பு அவருக்கும் புதன்கிழமைகளில் காய்ச்சல் வந்துகொண்டுதான் இருந்தது. போன வருஷம் வீட்டுக் கூரையில் சோலார் தட்டுப் பூட்டிய பிறகு காய்ச்சல் நின்றது. புதன்கிழமை வடையோடு ரொட்டியும் வந்தது. அபூதாஹிர் மெல்ல விசாரித்தார். வெயில் கரண்டாகிறது, வீட்டுக்குப் போக மிச்சம் ஊர்க் கம்பியில் போகிறது, அதற்கு மாதா மாதம் வங்கிக்குக் காசு வருகிறது என்று முனீப் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அபூதாஹிரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே திட்டம் தயாராகிவிட்டது. வேலைக் காலத்தில் சம்பளம் விழுந்த பழைய வங்கிக் கணக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அது எப்போதோ மூடியாயிற்று என்று ஆதிலா நினைத்துக்கொண்டிருந்தாள். சோலார் காசு அங்கே போகட்டும். லைட் பில் இல்லாமல் போகும் என்பதை மட்டும் அவளிடம் சொன்னால் போதும். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கப் புறப்பட்டது.

அன்று பின்னேரம் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆதிலாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, சூரியனைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை வங்கியில் சும்மா தூங்குகிறது, அதை எழுப்பிக் கூரையில் ஏற்றினால் சாகும்வரை லைட் பில் இல்லை என்றார். ஆதிலா மீனின் செட்டையை வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாம ரெண்டு பேர். ஒரு பிரிஜ், ரெண்டு ஃபேன். போட்ட காசு எப்ப திரும்பி வரும்?" என்று கேட்டாள்.

"ஆறு வருஷம், கூடினா ஏழு. மறுகா எல்லாம் லாபம். தட்டுக்கு இருபது வருஷம் உத்தரவாதம்."

"தட்டுக்குச் சரி. உங்களுக்கு?"

அபூதாஹிர் நெஞ்சை நிமிர்த்தினார். "இன்ஷா அல்லாஹ், இருபது வருஷமும் நான் கல்லுப்போல இருப்பன். நீ பார்."

ஆதிலா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மூன்று நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இடையில் ஒரு நாள் முனீப் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி ரிஸ்லாவோடு நெடுநேரம் கதைத்துவிட்டு ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு திரும்பினாள். வட்டிலப்பம் நன்றாக இருந்தது. அபூதாஹிர் அதைத் தவிர வேறொன்றையும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் அவள் சரி என்றாள். தன் பேச்சு வன்மையை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது.

சோலார் கம்பெனியிலிருந்து அஷ்பாக் என்பவர் படிவங்களோடு வந்தார். வீட்டு உரிமையாளர் பெயர் கேட்டார். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அதில் குடியேறுவார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அபூதாஹிரும் அப்படித்தான், ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர். இத்தனை வருஷம் என் வீடு, என் வீடு என்று சொல்லிச் சொல்லி அது அவருக்கே மறந்துபோயிருந்தது. வீட்டு உறுதிப் பத்திரத்திலும் கரண்ட் பில்லிலும் ஆதிலாவின் பெயர்தான் இருந்தது.

அதனால் என்ன என்று நினைத்தார் அவர். கூரை அவளுடையது, வெயில் ஆண்டவனுடையது, யோசனை தன்னுடையது. ஆகவே காசு யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பண்டசாலைப் பழக்கத்தில் உருண்டை எழுத்தில் எல்லாத் தாளையும் நிரப்பினார். கடைசித் தாளில், காசு போகவேண்டிய இடத்தில், தன்னுடைய பழைய கணக்கின் இலக்கத்தை எழுதினார். அந்த இடம் தெரியாதபடி தாளை மடித்து, கையெழுத்து வைக்கும் கோட்டை மட்டும் ஆதிலாவின் முன் நீட்டினார்.

"இஞ்ச. இஞ்ச. இஞ்ச."

ஆதிலா வாசிக்கவே இல்லை. மூன்று இடத்திலும் அழகாகக் கையெழுத்து வைத்தாள். தன் பண்டசாலையில் இப்படியொரு ஆள் வேலை செய்திருந்தால் ஒரே நாளில் களஞ்சியம் காலியாகியிருக்கும் என்று அபூதாஹிர் மனதுக்குள் சிரித்தார். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

தட்டுகள் வந்தன. வீட்டின் பின்பாதிக் கூரை தட்டையான கொங்கிறீட் பிளேட், ஆதிலா மிளகாயும் கருவாடும் காயப்போடும் இடம். அதில் இரும்புச் சட்டம் அடித்துத் தட்டுகளைப் பூட்டினார்கள். முதல் மாதமே லைட் பில் இல்லாமல் போயிற்று. ஆதிலா மனம் திறந்து புகழ்ந்தாள். புகழ்ந்த கையோடு ஒரு வாளியையும் தும்புத்தடியையும் அவர் கையில் கொடுத்தாள். கச்சான் காற்றுக் காலம், தட்டில் உப்பும் புழுதியும் படிகிறது, போதாக்குறைக்குக் கருவாட்டுக்கு வரும் காகங்களும் தங்கள் பங்கைப் போட்டுவிட்டுப் போகின்றன, கழுவாவிட்டால் கரண்ட் குறையும் என்றாள்.

இதற்காகவே காத்திருந்தவர்போல அபூதாஹிர் ஏணியில் ஏறினார். தட்டில் விழும் ஒவ்வொரு காக எச்சமும் தன் சட்டைப்பையில் விழுவதாக அவருக்குப் பட்டது. சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் பிளேட்டுக்குப் போய்விடுவார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து தான் குடித்த கோப்பையைக்கூடக் கழுவாதவர், பன்னிரண்டு தட்டையும் கண்ணாடிபோலத் துடைத்தார். கிண்ணியாவில் அவ்வளவு சுத்தமான கூரை வேறெதுவும் இல்லை என்று அஷ்பாக்கே ஒரு தரம் வந்து பார்த்துச் சொன்னார்.

முதல் மாதம் முடிந்து வங்கிக்குப் போனார். பழைய புத்தகத்தில் ஒன்றும் ஏறவில்லை. புது இணைப்பு, சுணங்கும் என்று மனதைத் தேற்றினார். இரண்டாம் மாதமும் ஒன்றுமில்லை. ஒருவேளை அழுக்குத்தான் காரணமாக்கும் என்று நினைத்துத் தட்டுகளைக் காலையும் மாலையும் கழுவினார். மூன்றாம் மாதமும் புத்தகம் வெறுமையாகவே திரும்பியது. யாரிடம் கேட்பது? கம்பெனியிடம் கேட்டால் விஷயம் ஆதிலாவுக்குப் போகும். ஆதிலாவிடம் கேட்டால் எதுக்கு என்பாள். திருடனுக்குத் தேள் கொட்டினாலும் கத்த முடியாது என்பார்களே, அந்த நிலையில்தான் அவர் இருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு புதன்கிழமை, முனீப்பைக் கடையின் ஒரு மூலைக்குத் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டார்.

முனீப் பிளேன்ரீயைக் கீழே வைத்தார். "உனக்கு எப்படி வரும்? வீடு ஆர்ட பேரில இருக்கோ, காசு அவங்கட கணக்குக்குத்தான் போகும். என்ட வீடும் சீதன வீடுதானே. எல்லாம் ரிஸ்லாக்குத்தான் போகுது."

"அப்ப நீங்க புதன்கிழமை தாற காசு?"

முனீப் நாலு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அது சம்பளம். தட்டுக் கழுவுறதுக்கு."

அபூதாஹிர் அன்று வடையைத் தொடவில்லை. வெயிலோடு வெயிலாக வீட்டுக்கு நடந்தார். ஊரெல்லாம் நல்ல வெயில். அதில் ஒரு துண்டுகூட அவருடையது இல்லை.

ஆதிலா பிளேட்டில், தட்டுகளின் நிழலில் இருந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். அவர் கேட்காமலே விஷயத்தைச் சொன்னாள். படிவம் கொடுத்த அதே வாரம் அஷ்பாக் டெலிபோன் எடுத்து, கணக்கு இலக்கம் வீட்டு உரிமையாளரின் பெயரோடு பொருந்தவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அவள் தன்னுடைய கணக்கைக் கொடுத்துவிட்டாள். காசு தன் கணக்குக்குத்தான் வரும் என்பது அவளுக்கு அதற்கு முன்பே, வட்டிலப்பம் வாங்கிய அன்றே தெரியும். ரிஸ்லா ராத்தா ஒன்று விடாமல் சொல்லிவிட்டாளாம். அதனால்தான் படிவத்தை வாசிக்கவில்லையாம்.

அபூதாஹிர் தலையைக் குனிந்துகொண்டார். சண்டை வந்திருந்தால் சமாளித்திருப்பார். அவள் சண்டை பிடிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமைக் காய்ச்சலும் எனக்குத் தெரியும். கேட்டிருந்தா தந்திருப்பன்தானே. ஏன் கேக்கல்ல?" என்றாள்.

"நீ எதுக்கு எண்டு கேப்பாய்" என்றார் அவர், சின்னக் குரலில்.

ஆதிலா காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். அவளுக்கும் மனதில் எங்கோ தைத்திருக்க வேண்டும். மிளகாய்ச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு கடித உறையை எடுத்து நீட்டினாள். மூன்று மாதச் சம்பளம், தட்டுக் கழுவினதுக்கு என்றாள். சம்பளக் காசை எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை, இனி மாதா மாதம் வரும் என்றும் சொன்னாள். அபூதாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை செவ்வாய்க்கிழமை கடன் இருக்கிறது, ரொட்டியோடு கொடுப்பதா, கொத்து ரொட்டியே வாங்கிக் கொடுப்பதா என்று மனம் அதற்குள் கடைக்கே ஓடிவிட்டது.

அவள் ஒரு தாளையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள். பாதி மடித்திருந்தது. சம்பளம் வாங்கினால் கையெழுத்து வைக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியாததா என்றாள். விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இஞ்ச. இஞ்ச. இஞ்ச."

முப்பத்து மூன்று வருஷம் கடதாசியை வாசிக்காமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விடாத மனுஷர், நனைந்த கண்ணோடு மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்தார். இந்த வீட்டில் அவருடைய கையெழுத்துக்கு மதிப்பு வந்த முதல் நாள் அது. அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் மடிப்பை விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தட்டுகளுக்கு உத்தரவாதம் உள்ள இருபது வருஷமும், வெள்ளிக்கிழமை தவிர்ந்த எல்லா நாளும், அவற்றைத் தானே கழுவுவதாக அபூதாஹிர் ஒப்புக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா?" என்றார்.

ஆதிலா மிளகாய்ச் சுளகைத் திரும்ப மடியில் எடுத்து வைத்தாள். "கல்லுப்போல இருப்பன் எண்டு நீங்கதானே சொன்ன."