மூன்றாம் ஓலை நின்ற கதை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: வெள்ளைக்காரப் பாதிரியார். காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலை நாற்காலியில் சுருண்டிருந்த ஆசீர்வாதம் உபதேசியார். ஞானம்மா அக்கா. அவள் புருஷன் செல்லையா அத்தான். அவர்கள் மகள் எஸ்தர். நான். பிறகு, பாதிரியாரின் நாய். ஆக ஆறு பேர், ஒரு நாய்.

இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் அன்றைக்குத் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது ஈப்போவில் நாற்பது பேருக்குக் குறையாது. அவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவேயில்லை. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒருவர் இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லி, நான் திருத்தி, அவர் என் திருத்தத்தையும் திருத்தி, எனக்கு அலுத்துவிட்டது. எழுதிவிட்டால் ஓய்ந்துவிடும் என்கிறாள் என் மகள். ஓயாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிக்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்துக் கவலைப்படக் கற்றுக்கொண்டேன். மழை வந்தால் வெள்ளம் வருமோ என்று கவலை, வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று கவலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், லகாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்துக் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. இரவில் படுத்த பிறகும் யாருடைய வாளியையாவது குறைத்து எழுதிவிட்டேனோ என்று எழுந்து உட்காருவேன். (எழுதியிருக்க மாட்டேன். கூட்டி எழுதியிருப்பேன். அதற்குத் தனிக் கவலை.)

கப்பலில் தனியாக வந்தவன் நான். சொந்தம் என்று இந்த மண்ணில் ஒருவருமில்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லையாவின் மனைவி ஞானம்மா, நான் வந்த இரண்டாம் வாரம் ரசமும் சோறும் கொடுத்து, "தம்பி, இனிமே இங்கயே சாப்புடு" என்றாள். அன்றிலிருந்து அவள் அக்கா, அவர் அத்தான். மூன்று வருஷம் கழித்து அவர்களே, "எஸ்தரைக் கட்டிக்கிறியா" என்று கேட்டார்கள். எஸ்தர் சரியென்றாள். நான் சரியென்று சொல்வதற்குள் நான்கு நாள் கவலைப்பட்டேன்.

எங்கள் கல்யாணம் ஈப்போவில் உள்ள ஆங்கிலிக்கன் கோயிலில். காலையில் அங்கே துரைமார்களுக்கு ஆராதனை, மத்தியானம் சீனர்களுக்கு, நாலு மணிக்குத் தமிழில் எங்களுக்கு. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தெல்லாம் நடந்தே வருவோம். ஆராதனை ஒரு மணி நேரம் என்றால், அதற்குப் பிறகு வாசலில் இரண்டு மணி நேரம். ஊருக்குக் கடுதாசி எழுத வேண்டுமா, புருஷன் அடித்துவிட்டானா, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமா, ஆஸ்பத்திரிக்கு ஆள் துணை வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்த வாசல்தான். எல்லாவற்றுக்கும் ஆசீர்வாதம் உபதேசியார்தான். பாதிரியாருக்கும் எங்களுக்கும் நடுவில் பாலம் அவர். அந்த ஒரு வாரம் பார்த்துப் பாலத்துக்குக் காய்ச்சல் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் அறிவிப்பது. முதல் ஓலை வாசித்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கே தெரியாமல் என்னிடம் ஏதாவது தடை இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன். இரண்டாம் ஓலைக்குள் ஒன்பது தடைகள் கண்டுபிடித்திருந்தேன். (சிறு வயதில் மாங்காய் திருடியது மூன்றாவது.) எஸ்தரிடம் சொன்னேன். "மாமா, ஒண்ணும் பேசாம இருங்க. அது போதும்" என்றாள். அதை மட்டும் நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பதிவேட்டுக்கு விவரம் எழுதப் பாதிரியார் எங்களைத் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். புதன்கிழமை கல்யாணம். தாப்பா ஊரிலிருந்து அத்தானின் ஆட்கள் வருவதாக இருந்தது. இரண்டு ஆடு வாங்கிக் கட்டியாகிவிட்டது.

உபதேசியார் வந்திருந்தார், ஆனால் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை தின்று தின்று அவர் காது அடைத்துப்போயிருந்தது. பாதிரியாருக்கு அதில் வருத்தமில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு வருஷமாகப் புத்தகம் வைத்துத் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். அதை நேரடியாகப் பேசிப் பார்க்க அவருக்கு இது முதல் வாய்ப்பு.

"உமது நாமம்?"

"தாவீது, ஐயா."

"இந்தப் பெண் உமக்கு ஏற்கெனவே உறவோ?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். ஆனால் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வருஷம் சோறு போட்டவளை வைத்துக்கொண்டு உறவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் மனசு என்ன பாடுபடும்? கவலை வந்துவிட்டது.

"அக்கா மகதாங்க ஐயா" என்றேன்.

பேனா நின்றது. "அக்கா. அதாவது, உமது மூத்த சகோதரி."

"ஆமாங்க ஐயா."

"அந்தச் சகோதரி எங்கே இருக்கிறார்?"

"இந்தா, இவங்கதான்."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தங்கமான தம்பிங்க ஐயா. என் கைச் சோத்தத் தவிர வேற எதுவும் தொட மாட்டான்" என்றாள்.

பாதிரியார் அத்தான் பக்கம் திரும்பினார். "நீர் இவருக்கு யார்?"

அத்தான் காலைப் பிரட்டில் ஆள் எண்ணும்போது கத்துவதோடு சரி, மற்ற நேரத்தில் அதிகம் பேச மாட்டார். "என் மச்சினன்லா" என்றார்.

"மனைவியின் சகோதரன்" என்று பாதிரியார் முணுமுணுத்தார். அவர் புத்தகத்தில் உறவுமுறைப் பாடம் நன்றாகவே இருந்திருக்கிறது. கடைசியாக எஸ்தரிடம், "நீ இவரை எவ்வாறு அழைப்பாய்?" என்றார்.

எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷக் குடும்பம் நடத்திய பிறகு பார்க்க வேண்டிய பார்வை அது. கல்யாணத்துக்கு முன்பே கிடைத்தது. "மாமான்னு" என்றாள்.

"மாமா. தாயின் சகோதரன்." படித்த பாடம் சரியாக இருந்த சந்தோஷமும், அது எங்கே கொண்டுவிடுகிறது என்ற துக்கமும் அவர் முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஒருவன் யார் யாரைக் கட்டக்கூடாது என்று அங்கே ஒரு பெரிய பட்டியல். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கு வேறு கவலைப்பட்டிருப்பேன். அவர் விரல் பாட்டியில் தொடங்கி, அத்தை, சித்தி என்று இறங்கி, சகோதரியின் மகளில் வந்து நின்றது.

"ஐயா, கூடப் பொறந்த அக்கா இல்லீங்க" என்றேன்.

"சற்று முன்பு ஆம் என்றீரே. இவற்றில் எது உண்மை?"

"ரெண்டும் உண்மைதாங்க ஐயா."

அத்தான் எழுந்துபோய் உபதேசியாரின் காதருகே குனிந்தார். "உறவு இல்லன்னு நீங்க சொல்லுங்க, உபதேசியாரே."

"குடிச்சேன், குடிச்சேன்" என்றார் உபதேசியார். "காலையிலயே கஞ்சி குடிச்சேன்."

பாதிரியார் கெட்ட மனிதரில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரு வழி சொன்னார்: இந்த அம்மாளே தம் வாயால், இவன் என் சகோதரன் அல்ல, எங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று சொல்லிக் கைநாட்டு வைத்தால் போதும். நாளைக்கு ஓலை வாசித்துவிடலாம்.

"மாட்டேன்" என்றாள் அக்கா.

"ஞானம்மா" என்றார் அத்தான்.

"மாட்டேங்க. போன வருஷம் இவன் காய்ச்சல்ல கெடந்தப்ப ராவெல்லாம் கண்ணு முழிச்சது யாரு? அப்ப யாரும் கைநாட்டு கேக்கலயே. இப்ப ஒரு தாள நீட்டி, யாருமில்லன்னு சொல்லுன்னா எப்படி வாய் வரும்?"

நான் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தேன்.

எஸ்தர்தான் பேசினாள். சத்தமில்லாமல், கணக்குச் சொல்வதுபோல. "அம்மா, ஓலை நின்னா நாளைக்கு ஊரு என்ன பேசும்? ஏதோ தடை இருந்துச்சு, அதான் பாதியில நிறுத்திட்டாங்கன்னு பேசும். அது இவங்க பேர்ல ஒட்டாது, என் பேர்லதான் ஒட்டும். அப்புறம் என்னைய யாரு கட்டுவா? ஒரு வார்த்த சொல்லும்மா."

அக்கா மூக்கைச் சிந்தினாள். பாதிரியாரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நாயைப் பார்த்துச் சொன்னாள்: "இவன் எனக்குத் தம்பி இல்ல. எனக்கும் இவனுக்கும் ஒண்ணுமில்ல. யாரோ எவனோ."

பாதிரியார் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"அப்புடிச் சொல்லாதக்கா" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

சின்ன அழுகை இல்லை. ஏங்கி ஏங்கி, மூக்கில் வடிய. அக்காவும் "ஐயோ, என் தம்பி" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாய் எழுந்து குரைத்தது. பாதிரியார் பேனாவை மூடினார்.

"சகோதரி அல்லாதவளுக்காக ஒருவன் இப்படி அழுவானோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சபை முழுவதும் திரும்பி எஸ்தரைப் பார்த்தது. அவள் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நல்ல மனம் படைத்தவர்கள் பலர் சாட்சி சொல்லப் பாதிரியாரிடம் வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவர், "உமக்கு இவரை எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம். "நம்ம தம்பிதான்" என்றார் ஒருவர். "என் மச்சான்லா" என்றார் இன்னொருவர். ஒரு கிழவி, "எம்புள்ள மாதிரி" என்றாள். ("மாதிரி" என்ற சொல் அவர் இன்னும் படிக்காத பாடத்தில் இருந்தது போலும்.) பொழுது சாய்வதற்குள் பாதிரியாரின் குறிப்பேட்டில் எனக்குப் பதினொரு உடன்பிறப்புகளும் இரண்டு தாய்மார்களும் சேர்ந்துவிட்டார்கள்.

புதன்கிழமை தாப்பா ஆட்கள் வந்து இறங்கினார்கள். கல்யாணம் இல்லை. ஆட்டை அடித்துச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணுக்கு என்ன கொறையாம்?" என்று காதோடு காதாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். அத்தான் என்னிடம் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழமயும் ஓலை வாசிக்கலன்னா, நீ வேற வீட்டுல சாப்புட்டுக்க." மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

வியாழக்கிழமை உபதேசியாரின் காது திறந்தது. நடந்ததைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தாராம். பிறகு பாதிரியாரிடம் போய், "ஐயா, இந்த ஜனங்கள் கூடப் பிறந்தவர்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள். இங்கே பக்கத்து வீட்டில்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது" என்று விளக்கியிருக்கிறார். அடுத்த நாள் இரண்டு பேரும் தோட்டத்துக்கே வந்தார்கள். அக்காவிடம் கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் உபதேசியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மாப்பிள்ளை அந்த இடத்தில் இருக்கக்கூடாது.

என்னைக் கொண்டுபோய் ரப்பர்த் தாள் காய வைக்கும் புகைக்கூட்டில் நிறுத்தினார்கள். அத்தான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நின்று அழுதேன். புகையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிறு ஓலை, புதன் கல்யாணம், இரண்டாவது ஆடு. எஸ்தர் பெயரில் எதுவும் ஒட்டவில்லை. ஒட்டியதெல்லாம் என் பெயரில்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பத்திரம் எழுதவோ, பெண் பார்க்கவோ, ஆஸ்பத்திரியில் விவரம் கொடுக்கவோ யாராவது உட்கார்ந்தால், என் பிள்ளைகள் முதலில் சொல்வது, "அப்பாவைப் புகைக்கூட்டில் வைத்துவிட்டு வாருங்கள்." பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவனும் புகைக்கூட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

கல்யாணத்தன்று ஒன்று நடந்தது. நான் தாலியைக் கழுத்தில் வைத்ததும், முடிச்சுப் போட மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் வர வேண்டும். எனக்கு யார் இருக்கிறார்கள்? பெண்ணின் தாய் வரிசையில் நின்றிருந்த அக்கா விறுவிறு என்று இந்தப் பக்கம் வந்து, இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டாள். பாதிரியார் அந்த நேரம் பார்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் அக்கா என் முன்னால் கையை நீட்டினாள்.

"நாத்தனார் சீரு எங்கடா? ஏழு வெள்ளிக்குச் சேல பாத்து வச்சிருக்கேன்."

சட்டைப்பையில் ஒன்றரை வெள்ளிதான் இருந்தது. அதைக் கொடுத்தேன். பதற்றத்தில் வாயைக் கட்ட முடியவில்லை. "மிச்சம் எதுக்குக்கா? நீதான் யாரோ எவனோன்னு கைநாட்டு வச்சிட்டியே" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மிச்சத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறேன். வாங்க மாட்டேன் என்கிறாள். தள்ளுபடியும் செய்ய மாட்டேன் என்கிறாள். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, என் குரலை வைத்துத்தான் அடையாளம். "யாரு, கடங்காரனா?" என்பாள். ஆமாம், இன்றைய தேதிக்கு ஐந்தரை வெள்ளி.