ஆண்டியப்பன் வீட்டு அந்து

விராலிமலையிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் திருமயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று தகவல் வந்துவிட்டது. ஆண்டியப்பனோ கூடத்தில் துண்டை வீசி வீசி அந்துப்பூச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

அந்து நெல்மணி அளவுதான் இருக்கும். வைக்கோல் நிறம், இறக்கை ஓரத்தில் பொடி மயிர். இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் நெல்லா பூச்சியா என்று பிரம்மாவுக்கே சந்தேகம் வரும். அதன் புழு நெல்லுக்குள் புகுந்து அரிசியைத் தின்றுவிட்டு, ஊசித்துளை வழியாக இறக்கையோடு வெளியே வரும். பொழுது சாய்ந்தால் உலாக் கிளம்பிவிடும். மனிதர் ரெண்டு வருஷத்து நெல்லை விற்கவும் மனசில்லாமல், தின்னவும் மனசில்லாமல் குதிரில் அடைத்து வைத்தால் அதுதான் என்ன செய்யும், பாவம்!

போன மாசம் வந்தவர்கள் இந்த உலாவைப் பார்த்துவிட்டு, நெல்லைக் காயவைக்கத் தெரியாத வீட்டில் பெண் என்ன குடித்தனம் பண்ணுவாள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். மகள் செவந்திக்கு வயது இருபத்திரண்டு. இதுவும் தட்டிப்போய்விடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

வேப்பிலையைப் போட்டுக் குதிரடியில் புகை மூட்டினார். குதிரில் இருந்த அந்தெல்லாம் கூடத்துக்குக் குடிவந்தது. விளக்கேற்றாமல் இருந்தால் தானாக அடங்கும் என்றாள் மனைவி அமராவதி. இவரா கேட்கிறவர்? விழுந்து சாகட்டும் என்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பெரிய விளக்கை ஏற்றி வைத்தார். விழுந்தது பத்து. விளக்கைப் பார்க்க வந்தது ஆயிரம்.

அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் நுழைந்தார்கள். புகையில் இருமிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார்கள். செவந்தி காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை உண்ணாமலையின் டம்ளரில் ஓர் அந்து நிதானமாக இறங்கியது. அந்தக் குடும்பத்தில் அவள் சொல்தான் கடைசிச் சொல் என்று தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆண்டியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. எங்க வீட்டுல ஒரு மணி நெல்லு கெடையாது. எல்லாம் பக்கத்து வீட்டு அந்து, இங்கிட்டு வந்து பறக்குது."

மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்கிப்போய், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். உண்ணாமலை காப்பியில் கிடந்த அந்தை விரலால் எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஆசையாகப் பார்த்தாள்.

"சண்டை வந்து ரங்கூன் அரிசி கப்பல் நின்னதுலேருந்து எங்க பக்கம் அந்துக்குக்கூடத் திங்க நெல்லு இல்லண்ணே. அந்து பறக்குற வீடுன்னு கேள்விப்பட்டுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தோம். அந்தப் பக்கத்து வீட்டுல பொண்ணு இருக்குதா?"